சிகாகோவில் இறந்த சின்னத் தாத்தா: கவுண்டி மரணப் பதிவைப் பெறுவது எப்படி?

கேள்வி: என் தாத்தாவின் தம்பி 1960-களில் மேற்படிப்புக்காகச் சிகாகோவுக்குப் போய், அங்கேயே வேலையில் அமர்ந்தார். ஊருக்குத் திரும்பவில்லை. 1980-க்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. இறந்துவிட்டார் என்று யாரோ சொன்ன வாய்மொழிச் செய்திதான் இன்றுவரை எங்களிடம் இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதத் தொடங்கிய எனக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட நிரப்ப முடியவில்லை. காரைக்குடியில் அவர் தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கிய ஒரு மனையும் இருக்கிறது. என் தாத்தா 1981 மார்ச்சில் காலமானார்; அவருடைய தங்கை 1996 வரை இருந்தார். தங்கையின் பிள்ளைகள் மனை முழுவதும் தங்களுக்கே என்கிறார்கள். ஓர் இணையதளத்தில் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். நெருங்கிய உறவு என்பதற்கு ஆவணம் கேட்டு நிராகரித்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் கேட்ட நகலின் வகைதான் பிரச்சினை. அமெரிக்காவில் ஒரே மரணப் பதிவை இரண்டு விதமாகத் தருகிறார்கள். சட்ட வேலைகளுக்குப் பயன்படும் சான்றிட்ட நகல் ஒன்று. குடும்ப வரலாற்று ஆய்வுக்கென்று தரும் சாதாரண நகல் மற்றொன்று. முதல் வகைக்கு உரிமையைக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு, பதிவு போதுமான அளவு பழையதாக இருந்தாலே போதும். சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலத்தில் இறந்து 20 ஆண்டுகள் கடந்த பதிவுகள் ஆய்வுக்குத் திறந்தவை. உங்கள் சின்னத் தாத்தா இறந்தது 1980-களில் என்றால் அந்த வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. பேரன் முறைதானே, மகன் இல்லையே என்று அங்கே யாரும் உங்களைத் தடுக்க முடியாது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மரணம் பதிவாவது இறந்த இடத்தில்தான், வாழ்ந்த இடத்தில் அல்ல. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. சிகாகோ நகரின் பெரும்பகுதியும் அதை ஒட்டிய பல புறநகர்களும் குக் கவுண்டிக்குள் வருகின்றன. ஆனால் மேற்கே ட்யூபேஜ், வடக்கே லேக், தெற்கே வில் என்று கவுண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிழக்கே கொஞ்சம் தள்ளினால் மாநிலமே மாறி இண்டியானா வந்துவிடும். சிகாகோவில் குடியிருந்தவர் பக்கத்துக் கவுண்டி மருத்துவமனையில் இறந்திருந்தால், பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்திருக்கும் குக் கவுண்டி கிளார்க் அலுவலகம் "பதிவு இல்லை" என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு அவர் அங்கே இறக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேடிப் பார்த்ததற்கான கட்டணமும் திரும்பி வராது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அட்டவணைகளில் தேடுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் குக் கவுண்டி மரண அட்டவணையைப் பார்க்கலாம். அது 1990-கள் வரை வருகிறது. அதே தளத்தில், அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்பின் மரண அட்டவணையும் கிடைக்கும். அங்கே சம்பளம் வாங்கியவர் என்பதால் அவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருந்திருக்கும். ஆனால் அந்த அட்டவணை காட்டும் ஊர் கடைசியாக வசித்த இடம். இறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. இல்லினாய் மாநில ஆவணக் காப்பகத்தின் மாநிலம் தழுவிய மரண அட்டவணையை யாராவது பரிந்துரைப்பார்கள். அது 1950-உடன் நின்றுவிடுகிறது, உங்களுக்குப் பயன்படாது.

தேடும்போது பலரும் தோற்பது பெயரில்தான். சுப்பையா மகன் இராமநாதன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் சு. இராமநாதன். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் சிலர் தன் பெயரைப் போடுவார்கள், சிலர் தகப்பனார் பெயரைப் போடுவார்கள், சிலர் ஊர்ப் பெயரைக்கூடப் போட்டிருப்பார்கள். அதனால் அதே மனிதர் அட்டவணையில் சுப்பையா என்ற குடும்பப் பெயரின் கீழ் உட்கார்ந்திருக்கலாம். எழுத்துக்கூட்டலும் கைக்குக் கை மாறும்: இரண்டு 'டி' ஒன்றாகும், 'டிஎச்' வெறும் 'டி' ஆகும், நீளமான பெயர் பாதியில் வெட்டப்படும். பழைய கடிதங்களின் உறைகளைத் தேடி எடுங்கள். அனுப்புநர் முகவரியில் அவர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அதுதான் அங்கே அவருடைய பெயர். பிறந்த தேதி தெரிந்தால் பெயரை விட்டுவிட்டு அதைக் கொண்டே தேடிப் பாருங்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, ஜாதகத்தில் இருக்கும் தேதி ஒன்று என்பது நம் வீடுகளில் சகஜம், இரண்டையும் முயலுங்கள்.

கவுண்டி தெரிந்தபின், குக் என்றால் கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் குடும்ப ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். கவுண்டியே பிடிபடவில்லை என்றால் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள இல்லினாய் பொதுச் சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். 1916 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. "குடும்ப வரலாற்று ஆய்வுக்கான நகல்" என்பதை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். முன்பு உங்களைச் சிக்க வைத்தது இந்த ஒரு வரி இல்லாததுதான். டாலரில் காசோலை அனுப்புவது இங்கிருந்து சிரமம். அங்கே இருக்கும் உறவினர் எவரையாவது கட்டச் சொல்வது எளிது.

இது இல்லினாய் சட்டம் என்பதை மறந்துவிடாதீர்கள். இதே போன்ற சிக்கலில் இருக்கும் மற்ற வாசகர்கள் இந்த 20 ஆண்டுக் கணக்கை எல்லா மாநிலத்துக்கும் பொருத்தக் கூடாது. டெக்சாசில் 25 ஆண்டு, பென்சில்வேனியாவில் 50 ஆண்டு. கலிபோர்னியாவில் காத்திருக்கவே வேண்டாம். "அடையாளத்தை நிறுவ செல்லாது" என்ற முத்திரையுடன் தகவல் நகலை யார் கேட்டாலும் தருகிறார்கள்.

இனி மனைக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் உயிர் அந்தச் சான்றிதழின் தேதியில் இருக்கிறது. சின்னத் தாத்தா உயில் எழுதவில்லை, மணமாகவில்லை, பெற்றோர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள் என்று கொண்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனை உடன்பிறந்தோருக்குப் போகும். அவர் 1981 மார்ச்சுக்கு முன் இறந்திருந்தால் உங்கள் தாத்தாவும் அவர் தங்கையும் சரிபாதி வாரிசுகள். தாத்தாவின் பாதி உங்கள் குடும்பத்துக்கு வரும். அதற்குப் பின், தங்கை இருந்த 1996-க்குள் இறந்திருந்தால் அப்போது உயிரோடிருந்தவர் தங்கை மட்டுமே. முன்பே இறந்துவிட்ட சகோதரனின் பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் வாரிசுப் பட்டியலில் பிந்தைய வரிசையில் வருபவர்கள். தங்கை இருக்கும்போது அவர்களுக்குப் பங்கில்லை. சில வாரங்களின் வித்தியாசம் பாதி மனையைத் தீர்மானிக்கும். எதிர்த்தரப்பு சொல்வது பேராசை என்று நினைத்துவிடாதீர்கள். தேதி அவர்கள் பக்கம் சாய்ந்தால் சட்டமும் அவர்கள் பக்கம்தான்.

"ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். கொள்ளலாம், ஆனால் எந்தத் தேதியில் இறந்தார் என்பதற்கு அந்த அனுமானம் உதவாது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தேதியைச் சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கோ வட்டாட்சியரிடமோ ஆய்வு நகல் போதாது. முதலில் அதை வாங்கித் தேதியைப் பாருங்கள். தேதி உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அடுத்ததாகச் சான்றிட்ட நகல் கேளுங்கள். சொத்துரிமை சார்ந்த அக்கறை உள்ளவர் கேட்க இல்லினாய் சட்டம் இடம் தருகிறது. மனையின் பத்திர நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, உங்கள் உறவு முறையை விளக்கும் வழக்கறிஞர் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். நகல் கைக்கு வந்ததும் இல்லினாய் மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்துக்குத் தரும் சான்று) பெறுங்கள். இந்த முத்திரையை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இல் சேர்ந்துவிட்டதால் அதன்பின் தூதரகச் சான்றுக்கு அலைய வேண்டாம்.

சான்றிதழில் மற்ற கட்டங்களையும் நிதானமாகப் படியுங்கள். தொழில், இறப்புக்கான காரணம், பெற்றோர் பெயர், உடல் தகனமா அடக்கமா, ஈமச்சடங்கு நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். வீட்டுக்காரரோ சக ஊழியரோ கொடுத்திருந்தால் பெற்றோர் பெயர் தவறாக இருப்பதில் வியப்பில்லை. இறந்த தேதியையும் காரணத்தையும் மருத்துவர் தரப்பு சொல்வதால் அவற்றுக்கு எடை அதிகம். திடீர் மரணம் என்றால் குக் கவுண்டியில் விசாரித்த அலுவலகம் எது என்பதும் காலத்தைப் பொறுத்தது: 1976 டிசம்பர் முதல் அங்கே கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) பதவி போய் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் வந்துவிட்டது. உங்கள் காலத்துக்குப் பின்னதுதான் பொருந்தும்.

மண நிலை என்ற கட்டமும் உண்டு. அதில் ஒரு மனைவியின் பெயர் இருந்தால், மேலே நான் சொன்ன பங்குக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்களில் ஒருவர் இருந்தாலும் உங்கள் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒன்றுமில்லை. இதை உறுதி செய்ய, குக் கவுண்டி சர்க்யூட் நீதிமன்றக் கிளார்க்கிடம் அவர் பெயரில் புரோபேட் (இறந்தவரின் சொத்தைத் தீர்வு செய்யும் நீதிமன்ற நடவடிக்கை) கோப்பு உண்டா என்று கேளுங்கள். அந்தக் கோப்புகளை யாரும் பார்வையிடலாம். அங்கே வாரிசுகள் யார் யார் என்று ஒருவர் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருக்கும். உங்கள் குடும்ப வரலாற்றுக்கு மரணச் சான்றிதழைவிட அது பெரிய புதையலாகவும் இருக்கலாம்.

மனையை இத்தனை காலம் யார் அனுபவித்து வந்தார்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பும், எதிரிடை அனுபோகமும் (பிறர் நிலத்தை நெடுங்காலம் அனுபவித்து வந்ததைக் கொண்டே உரிமை கோருவது) அதைப் பொறுத்தவை. அந்த விவரங்களோடு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். சிகாகோவிலிருந்து தாள் வரும்வரை விடுதலைப் பத்திரம், சமரசப் பத்திரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.