பானட்டை வெட்டலாமா வேண்டாமா: ஆயில் சூடு, மழைத்தண்ணி, அப்புறம் எம்விடி

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், கேஎல் நம்பர் வண்டி. போன வருசம் செகண்ட் ஹேண்ட்ல நிசான் 370இசட் ஒண்ணு எடுத்தேன். மாசம் ஒருக்கா செட்டிபாளையம் கரி ட்ராக்ல ஓட்டுறதுங்க, அஞ்சாறு லேப் போறதுக்குள்ள ஆயில் டெம்பரேச்சர் முள்ளு 130 டிகிரி தாண்டிருது. ஊருக்குள்ள ஓட்டுனா ஒரு தொந்தரவும் இல்ல. கோயமுத்தூர்ல ஒரு கடைல பானட்டை வெட்டி ரெண்டு லூவர் (சாய்ஞ்ச பட்டை வச்ச காத்துத் துவாரம்) வச்சா சரியாப்போயிரும், 28 ஆயிரம் ஆகும்ங்கிறாங்க. வென்ட் (சூடான காத்து வெளிய போற துவாரம்) வச்ச கார்பன் பானட்டே மாட்டுனா ஒண்ணரை லட்சமாம். எதை வாங்கட்டும்? மழைக்கு தண்ணி இறங்குமா? எம்விடி, அதான் கேரளா மோட்டார் வாகனத் துறை, புடிப்பாங்களா?

பதில்: தம்பி, இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். உங்க கேள்விலயே பதில் இருக்கு பாருங்க, சூடாகுறது ஆயிலு. அந்த 3.7 லிட்டர் வி6க்கு இது பிறவிக்குணம், உலகம் பூரா ட்ராக்ல ஓட்டுறவங்க சொல்ற அதே கம்ப்ளைன்ட்தான், இன்னும் ஏறி 140 கிட்ட போச்சுன்னா ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஆர்பிஎம்மைக் கட் பண்ணி வண்டியை நொண்ட விட்டுரும். அதுக்கு மருந்து ஆயில் கூலர். வாங்கும்போது தெர்மோஸ்டாட் (ஆயில் சூடானப்புறம் மட்டும் கூலருக்கு விடுற வால்வு) வச்ச சாண்ட்விச் பிளேட்டோட (ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மாட்டுற தட்டு) வாங்குங்க, அது இல்லாத கிட் விலை கம்மியா இருக்கும், ஆனா காலைல கடைக்கு போய் வர ஓட்டத்துல ஆயில் சூடே ஏறாம கெட்டியாவே சுத்திட்டு இருக்கும், அதுவும் இன்ஜினுக்கு ஆகாது.

அப்போ வென்ட் சும்மாவான்னா, அப்படியும் இல்லீங்க. கிரில் வழியா உள்ள வந்த காத்து ரேடியேட்டரைத் தாண்டினதும் வெளிய போக வழி வேணும், வழி சரியில்லைன்னா உள்ளயே அழுத்தம் கூடி, முன்னாடி வர்ற காத்து ரேடியேட்டருக்குள்ள நுழையாம பக்கவாட்டுல ஒதுங்கிப் போயிரும். பானட்ல சரியான இடத்துல வென்ட் வச்சா அந்த காத்தை மேல உறிஞ்சி எடுக்கும், ரேடியேட்டரும் ஆயில் கூலரும் ரெண்டுமே நல்லா வேலை செய்யும். விசயமே அந்த சரியான இடம்தான். பானட்டோட முன் பாகத்துல, ரேடியேட்டருக்கு கொஞ்சம் பின்னாடி, காத்து மேல வளைஞ்சு ஓடுறதால அங்க அழுத்தம் கம்மி. கண்ணாடி அடில அப்படியே தலைகீழ், காத்து முட்டி நிக்கிற இடம் அது, அங்க ஓட்டை போட்டா காத்து வெளிய போறதுக்கு பதிலா உள்ள வரும்.

இதை நான் காசு குடுத்து கத்துக்கிட்டவன். ரொம்ப வருசம் முன்னாடி என்கிட்ட ஒரு மாருதி எஸ்டீம் இருந்துச்சு, எவனோ சொன்னான்னு பானட் கீல்ல நாலு நாலு வாஷர் குடுத்து பின்பக்கத்தை ஒரு விரக்கடை தூக்கி வச்சுட்டு, சூடு சும்மா பறந்துரும்னு வாளையார் ரோட்டுல எடுத்துட்டு போனேன். சூடு பறக்கல, ஏசி போட்டதும் எரிஞ்ச ஆயில் நாத்தம் நேரா மூஞ்சில அடிச்சுது, ஏன்னா கேபினுக்கு காத்து எடுக்கிற துவாரமும் அதே கண்ணாடி அடிலதான் இருக்கு. வீட்டம்மா பாலக்காடு வர்ற வரைக்கும் சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் அந்த வண்டில ஏறவே இல்ல.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. மீன்தொட்டி கடைல கண்ணாடி மாதிரி தெரியுற ட்யூப் ரெண்டு மூணு மீட்டர் வாங்குங்க, நடுவுல யூ மாதிரி வளைச்சு ஒரு அட்டைல ஒட்டி, கலர் தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. ஒரு நுனி இன்ஜின் ரூம்ல, சூடான பார்ட்ஸ்ல படாம. இன்னொரு நுனி பானட் மேல நீங்க வெட்ட நினைக்கிற இடத்துல, படுக்க வச்சு டேப் போட்டு. பக்கத்து சீட்ல ஒருத்தர் அட்டையை புடிச்சுக்கட்டும், ட்ராக்ல ஸ்ட்ரெய்ட்ல போகும்போது பானட் மேல இருக்கிற நுனிப் பக்கம் தண்ணி ஏறுச்சுன்னா அங்க வென்ட் உறிஞ்சும், இறங்குச்சுன்னா அந்த இடத்தை மறந்துருங்க. எந்த இடத்துல அதிகமா ஏறுதோ அதுதான் இடம். செலவு 100 ரூவா கூட வராது. கடைக்காரர் இதைக் கேட்டு சிரிச்சார்னா அவர்கிட்ட வண்டியைக் குடுக்காதீங்க.

அந்த டெஸ்ட் பண்றதுக்கும் முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு அண்டர்ட்ரே (இன்ஜினுக்கு அடியில காத்தை வழிநடத்துற தட்டு) இருக்கான்னு பாருங்க. நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர்ல உரசிக் கிழிஞ்சதும் ஒர்க் ஷாப்ல கழட்டி ஓரமா போட்டிருப்பாங்க, பழைய ஓனர் உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டார். ரேடியேட்டரைச் சுத்தி இடைவெளி இருந்தா ஃபோம் வச்சு அடைங்க. கூலன்டுல போர் தண்ணி மட்டும் வேண்டாம், நம்ம பக்கத்து தண்ணிக்கு ரேடியேட்டருக்குள்ள உப்பு படிஞ்சே போயிரும். வாளையார்ல லாரிக்கு பின்னாடி நிக்கும்போது சூடாகுதுன்னு இன்னொருத்தர் கேட்டா, அது ஃபேன் விவகாரம், வென்ட்டால பெருசா எதுவும் நடக்காது.

இவ்வளவுக்கும் அப்புறம் வென்ட் வேணும்னா ஒரிஜினல் பானட்டைத் தொடாதீங்க. 370இசட் பானட் அலுமினியம், தப்பா வெட்டிட்டா தகர பானட் மாதிரி பத்த வச்சு சரி பண்ண முடியாது, அடியில இருக்கிற ஃபிரேமை அறுத்துட்டா விபத்துல மடங்க வேண்டிய விதத்துலயும் மடங்காது. தனி பானட் வாங்கி ட்ராக்குக்கு மட்டும் மாட்டிக்கிட்டு, அப்போ ஒரிஜினலைப் போர்வை சுத்தி பரண்ல வைங்க. கார்பன்னு சொன்னா திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்க, நிறைய பேர் ஃபைபர் பானட் மேல ஒரே ஒரு லேயர் கார்பன் துணியை ஒட்டி கார்பன் விலை வாங்குறாங்க. எடை குறையும்னு சொல்றதையும் நம்பாதீங்க, அலுமினியமே லேசுதான்.

மழைக்கு தண்ணி இறங்கும், சந்தேகமே வேண்டாம். ஓடும்போது அவ்வளவா தெரியாது, ஆனா இடவப்பாதி (ஜூன்ல ஆரம்பிக்கிற தென்மேற்குப் பருவ) மழைல வெளிய நிறுத்தி வச்சா நேரா இன்ஜின் மேலதான். கழட்டி மாட்டுற மாதிரி அடியில தண்ணித்தட்டு வர்ற வென்ட் இருக்கு, அதைக் கேளுங்க.

எம்விடி விசயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேசனுக்கு மாறா மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தி சொன்னதும் கேரளாவுல இருந்து போன கேஸ்லதான். 182ஏ பிரிவுல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூவா ஃபைன், 6 மாசம் வரைக்கும் ஜெயிலுக்கும் இடமுண்டு. செக்கிங்ல நிக்கிற ஆபீசர் வெட்டுன பானட்டைப் பார்த்தா கண்டிப்பா கேள்வி வரும், அதனாலதான் ரோட்டுக்கு ஒரிஜினல், ட்ராக்குக்கு மட்டும் வென்ட் பானட்ங்கிறேன். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் குடுத்துருங்க, மறைச்சா க்ளெய்ம் நேரத்துல இழுப்பாங்க.

எதை வாங்குனாலும் ஜிஎஸ்டி பில் வாங்குங்க, என்ன மெட்டீரியல்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. கடை கோயமுத்தூர்ல, நீங்க கேரளால, நாளைக்கு தகராறு வந்தா பார்டர் தாண்டி அலையணுமேன்னு பயப்பட வேண்டாம், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஜில்லாலயே, அதாவது பாலக்காட்டுலயே கேஸ் போடலாம், 2 வருசத்துக்குள்ள. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் பாருங்க.

கேள்வி: கம்பம் மெட்டு வழியா கேரளாவுக்கு அடிக்கடி போறவன் நான். ஆன்லைன்ல 900 ரூவாய்க்கு ஒட்டுற பானட் ஸ்கூப் (காத்து வாங்குற மாதிரி மேல துருத்திட்டு நிக்கிற மூடி) வருதே, மலை ஏறும்போது இன்ஜின் கூலாகுமா?

பதில்: அடியில ஓட்டையே இல்லாம எப்படிங்க ஆகும்? அது வெறும் அலங்காரம். ரெண்டு வெயிலுக்கு ஒட்டுன டேப் இளகி, ஒரு ஹேர்பின்ல கழண்டு பின்னாடி வர்ற பைக்காரன் மேல விழுந்தா வம்பு. அந்த 900க்கு ரேடியேட்டர் ஃபின்ல அடைச்சிருக்கிற பூச்சியையும் மண்ணையும் கழுவிட்டு, ரேடியேட்டர் மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா புது மூடி போடுங்க.