5 பேர் ஊரில் 500 டன் கரிக்கோபுரம்

போன வாரம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளுக்குள் தர்மண்ட் என்று நிலக்கரி ஏற்றி அனுப்பிய ஒரு ரயில்வே ஊர், ஒரு காலத்தில் நாளைக்கு 15 பயணிகள் ரயில் வந்துபோன இடம், இன்று குடியிருப்பவர்கள் 5 பேர் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்குமேல் ரயில்வே குடும்பத்து ஆட்கள். மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இந்த வாரம் முழுக்க அந்த மலையிலேயே இருப்போம்.

5 பேர் என்பது அச்சுப் பிழையா? 500 என்று இருந்திருக்க வேண்டுமோ? (திருப்பூர் வாசகர்)

பிழை இல்லை. 2010 கணக்கெடுப்பிலும் 5, 2020-லும் 5. ஆனால் 1900-ல் முறைப்படி பதிவான ஊர் என்பதால் அந்த அந்தஸ்து இன்னும் போகவில்லை. 2015-ல் ஊர் மன்றம் கூடி, ஓரினச் சேர்க்கையாளர், திருநர் என்பதற்காக யாரையும் வேலையிலோ வீடு கொடுப்பதிலோ ஒதுக்கக் கூடாது என்று சட்டம்கூடப் போட்டது. அந்த மாதிரிச் சட்டம் போட்டதில் அமெரிக்காவிலேயே சின்ன ஊர் அதுதான்.

ஊர் ஓகோவென்று இருந்த காலத்திலும் நிரந்தரக் குடிகள் சில நூறு பேரைத் தாண்டியதில்லை, ஏனென்றால் இடம் கிடையாது. ஒரு பக்கம் நியூ ரிவர் ஆறு, மறுபக்கம் செங்குத்தாக மலை, நடுவில் ஒரு துண்டு நிலம், அதிலும் முதல் பங்கு தண்டவாளத்துக்கு. கடைத்தெரு என்று ஒன்று தனியாக இல்லை. வங்கி, கடைகள் எல்லாம் தண்டவாளத்தைப் பார்த்து வாசல் வைத்து வரிசையாக நிற்கின்றன, படி இறங்கினால் ரயில் பாதை. 1921 வரை சாலை வசதியே கிடையாது, மருத்துவர் வருவதென்றாலும் மாவு மூட்டை வருவதென்றாலும் ரயிலில்தான் வரவேண்டும்.

கரி தீர்ந்துபோனதால்தானே ஊர் காலியானது? (நெய்வேலி வாசகர்)

நெய்வேலிக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தமும் ஊரை அடித்தது, வங்கி 1931-ல் மூடியது. ஆனால் கரி ரயில்கள் அதற்குப் பிறகும் அந்த வழியாக ஓடின, இன்றைக்கும் சரக்கு ரயில் போகிறது. நிற்பதற்குத்தான் காரணம் இல்லாமல் போய்விட்டது. தர்மண்டை முடித்துவைத்தது டீசல் என்பது என் கட்சி.

நீராவி எஞ்சினைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்குக் கரி வேண்டும், கரியைவிட அதிகமாகத் தண்ணீர் வேண்டும், சாம்பலைக் கொட்ட வேண்டும், மூட்டு மூட்டாக எண்ணெய் விட வேண்டும், வழுக்காமல் இருக்க மணல் நிரப்ப வேண்டும், அவ்வப்போது பாய்லரைக் கழுவி உள்ளே படிந்ததைச் சுரண்ட வேண்டும், ராத்திரி நிறுத்தினாலும் நெருப்பு அணையாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், சிலதுக்கு ஒரு கூட்டம். செசபீக் அண்ட் ஓஹாயோ ரயில்வே, அதாவது சி அண்ட் ஓ, தர்மண்டில் லோகோ ஷெட்டும் (எஞ்சின்களைப் பராமரிக்கும் கொட்டகை) யார்டும் (வேகன்களைப் பிரித்துக் கோக்கும் இடம்) வைத்திருந்தது. அங்கிருந்து காலி வேகன்கள் கிளைப் பாதைகளில் சுரங்கங்களுக்கு ஏறும், கரி நிரம்பி இறங்கும், யார்டில் கோத்து நீளமான ரயிலாக்கி வெளியே அனுப்புவார்கள். 1922-ல் கட்டிய கான்கிரீட் கரிக்கோபுரம் 500 டன் கொள்ளும். எஞ்சின் அடியில் வந்து நிற்கும், மேலிருந்து கரி கொட்டும். கோபுரம் இன்னும் அப்படியே நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சி அண்ட் ஓ-வின் பிழைப்பே கரியைச் சுமப்பது. கரிக்காரர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள், அவர்கள் முகத்துக்கு நேரே எண்ணெய்க்கு மாறுவதா என்று தயங்கி, மற்ற கம்பெனிகள் டீசலுக்கு ஓடிக்கொண்டிருந்த 1949-ல்கூடக் கிளைப் பாதைகளுக்காகப் புது நீராவி எஞ்சின்கள் வாங்கியது. அந்த வரிசையில் கடைசியாக வந்த 1309-ஆம் எண் எஞ்சின்தான் பால்ட்வின் தொழிற்சாலை அமெரிக்க ரயில்வேக்குச் செய்து கொடுத்த கடைசி நீராவி எஞ்சின். அப்புறம் என்ன, ஏழே வருஷம். 1956-ல் அதை ஓரம் கட்டிவிட்டார்கள், சி அண்ட் ஓ-வில் நீராவியே அத்தோடு முடிந்தது. (1309 மட்டும் 2021-ல் உயிர்பெற்று மேரிலாந்து மலையில் சுற்றுலா ரயில் இழுக்கிறது, ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.) டீசல் எஞ்சினுக்கு அந்த ஊரில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாய்லர் வேலை தெரிந்தவருக்கு மலையில் அதற்குமேல் என்ன வேலை? வேலை போனதும் வீடு, வீடு போனதும் கடை. லோகோ ஷெட்டும் 1993-ல் தீப்பிடித்து எரிந்துபோனது.

14 வருஷம் விடாமல் நடந்த சீட்டாட்டம் பற்றி எழுதவே இல்லையே! (சென்னை வாசகர், இன்னும் மூன்று பேர்)

எழுதாமல் விட்டால் விடமாட்டீர்கள். இந்த ஊர்ப் பெயர் கேப்டன் தர்மண்ட் என்பவருடையது. 1873-ல் நில அளவை வேலைக்குக் கூலியாக இந்த 73 ஏக்கர் அவருக்குக் கிடைத்தது. கண்டிப்பான ஆள், தன் நிலத்தில் சாராயம் கூடாது என்றுவிட்டார். சரி என்று ஆற்றுக்கு அக்கரையில் 1901-ல் டன் கிளென் என்று 100 அறை ஓட்டல் ஒன்று எழும்பியது. கரி முதலாளிகள் தங்கினார்கள், குடித்தார்கள், சூதாடினார்கள். அங்கே ஒரு போக்கர் ஆட்டம் ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்து 14 வருஷம் ஓடியது என்று சொல்வார்கள். ஆடியவர்களே சொல்லும் கணக்கு என்பதால் நான் அதில் பந்தயம் கட்டமாட்டேன். 1914-ல் மாநிலம் முழுக்க மதுவிலக்கு வந்தது, 1930-ல் ஓட்டல் எரிந்தது. அவ்வளவுதான். பிரேக் பிடித்தவர்கள் கதை இதைவிட நன்றாக இருக்கும், வாருங்கள்.

பிரேக் பிடிக்க ஒரு தனி ஆளா? என்ன வேலை அது? (கோவை கல்லூரி மாணவி)

வண்டி முழுவதையும் எஞ்சினிலிருந்தே காற்றழுத்தத்தால் நிறுத்தும் பிரேக் பரவுவதற்கு முன்னால் பெட்டிக்குப் பெட்டி கைச்சக்கரம்தான். டிரைவர் விசில் கொடுத்தால், ஓடுகிற வண்டியின் மேலேயே நடந்து, தாவி, ஒவ்வொரு சக்கரமாக இறுக்க வேண்டும். மலைச்சரிவு, கரி பாரம், பனி உறைந்த இரும்பு, ராத்திரி. தவறி விழுந்தால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்.

பெட்டிகளைக் கோப்பது அதைவிட மோசம். இரும்பு வளையத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, எதிரே வரும் பெட்டியின் வாய்க்குள் சரியாக நுழைத்து, அந்த நொடியில் ஆணியைப் போட வேண்டும். கண் இமைப்பதற்குள் விரல் போகும். வேலை கேட்டு வருபவனின் கையைப் பார்ப்பார்களாம், இரண்டு விரல் குறைந்தால் அனுபவஸ்தன். தானாக மாட்டிக்கொள்ளும் கொக்கியை வர்ஜீனியாக்காரரான ஈலை ஜானி 1873-லேயே கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பெனிகள் செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தன. தானியங்கிக் கொக்கியும் காற்று பிரேக்கும் கட்டாயம் என்று 1893-ல் சட்டம் வந்து, அவகாசம் கொடுத்து, நீட்டி, முழுசாக அமலாக 1900 ஆகிவிட்டது. இடைப்பட்ட 27 வருஷத்து விரல்களை யார் எண்ணி வைத்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம், குழம்பிவிடக் கூடாது: அமெரிக்காவில் ரயில் ஓட்டுபவருக்குப் பெயர் எஞ்சினியர், கார்டு வேலை பார்ப்பவர் கண்டக்டர். தாத்தா ரயிலில் எஞ்சினியர் என்று அங்கே யாராவது சொன்னால் எந்தக் காலேஜ் என்று கேட்டுவிடாதீர்கள்.

என் அப்பா ஸ்டீம் லோகோ டிரைவர். நடுராத்திரி கால் பாய் வந்து கதவைத் தட்டி, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிப் போவார். அந்த ஊரிலும் இப்படித்தானா, ஐயா? (ஜோலார்பேட்டை வாசகி)

அதேதான் அம்மா. வேலைக்குக் கூப்பிட வரும் பையனுக்குப் பெயரும் அதே கால் பாய், கையில் அதே மாதிரிப் புத்தகம். தங்கும் விடுதிகளில் எந்த அறையில் எந்த ஃபயர்மேன் (எஞ்சினுக்குக் கரி போடுபவர்) படுத்திருக்கிறார் என்று பையனுக்கு மனப்பாடம். எழுப்பி, கையெழுத்து வாங்கியபிறகுதான் நகர்வான், இல்லையென்றால் மனிதர் திரும்பிப் படுத்துவிடுவார். கரி ரயிலுக்கு நேர அட்டவணை கிடையாது, சுரங்கத்தில் வேகன் நிரம்பியதும் வண்டி. அதனால் ரயில்வேக்காரர் வீட்டில் எந்தச் சாப்பாட்டையும், எந்தக் கல்யாணத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை ஏறினால் எப்போது இறங்குவார் என்பதும் தெரியாது. தொடர்ந்து 16 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று 1907-ல் சட்டம் வந்தது, அதையே பெரிய விடுதலையாக நினைத்தார்கள் என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்! இப்போது 12 மணி நேரம்.

கால் பாய் போய் இப்போது செல்போன் அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2022 கடைசியில் அமெரிக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போனார்களே, அதன் நடுநாயகமான கோரிக்கை சம்பளம்கூட இல்லை. காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு வேண்டும். நாடாளுமன்றம் தலையிட்டு ஒப்பந்தத்தைச் சட்டமாகத் திணித்து வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. 7 நாள் நோய் விடுப்பு கொடுக்கலாம் என்ற தனித் தீர்மானம் கீழவையில் தேறி, செனட்டில் போதிய ஓட்டு இல்லாமல் விழுந்தது. தர்மண்ட் பாதையை இன்று வைத்திருக்கும் சிஎஸ்எக்ஸ் கம்பெனி 2023 பிப்ரவரியில் சில சங்கங்களோடு பேசி 4 நாள் கொடுத்தது, மற்ற கம்பெனிகளும் பிறகு வழிக்கு வந்தன.

அந்த மலையில் பாதை போட்டது யார்? வெள்ளைக்காரர்களா, கறுப்பினத்தவரா? (மதுரை வாசகர்)

இரண்டு பேரும். ஆனால் சி அண்ட் ஓ-வின் மலைச் சுரங்கப் பாதைகளைக் குடைந்ததில் பெரும்பங்கு கறுப்பினத் தொழிலாளர்களுடையது, அடிமைத்தனம் ஒழிந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்த நேரம். நீராவித் துளை எந்திரத்தோடு சுத்தியலால் போட்டி போட்டு ஜெயித்து, அந்த இடத்திலேயே விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் ஜான் ஹென்றியை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதே மாநிலத்து ரயில்வே ஊரான ஹின்டனுக்குப் பக்கத்தில் டால்கட் ஊரில் 1870 முதல் 1872 வரை குடைந்த பிக் பெண்ட் சுரங்கப் பாதைதான் அந்த இடம் என்று சிலை வைத்திருக்கிறார்கள். இல்லை, கிழக்கே வர்ஜீனியாவில் உள்ள லூயிஸ் சுரங்கப் பாதைதான், அவர் சிறையிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட கைதி என்று வாதாடும் வரலாற்றாசிரியரும் உண்டு. கைதிகளைக் கூலிக்கு விட்டது உண்மை. கல் தூள் நுரையீரலில் புகுந்து செத்தவர்களுக்குச் சிலை இல்லை.

தர்மண்டிலேயே ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. 1892-ல் தர்மண்டிலிருந்து லூப் கிரீக் ஓடையோரமாகக் கிளைப் பாதை போட்டபோது, டீன் ஏஜ் பையன் ஒருவன் அண்ணன் கூப்பிட்டான் என்று வந்து சில வாரம் அங்கே உழைத்தான். பிறகு பக்கத்து நட்டல்பர்க் கரிச் சுரங்கத்துக்குப் போனான். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வீட்டில் புத்தகங்களும் செய்தித்தாள்களும் வாங்கி வைத்திருந்தார். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இந்தப் பையன் உரக்கப் படித்துக் காட்டுவான், கூலியாகப் பழமும் ஐஸ்கிரீமும். அந்தப் பையன்தான் கார்ட்டர் வுட்சன். 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், 1926-ல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார், இன்று அது பிப்ரவரி மாதம் முழுக்க நடக்கிறது. சீட்டாட்டத்தைக் கேட்ட நாலு பேரும் இதைப் படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த மலைப் பக்கத்து ரயில்வே ஊர்கள் எல்லாமே இப்படிக் காலிதானா? (ஈரோடு வாசகர்)

இல்லை. ஹின்டனில் இன்றும் ரயில் நிற்கிறது, இலையுதிர் காலத்தில் ரயில்வே திருவிழாகூட நடக்கும். டென்னசியில் எர்வின் என்று ஓர் ஊர், கிளின்ச்ஃபீல்டு ரயில்வேயின் பட்டறை ஊர். அங்கே 2015 அக்டோபரில் சிஎஸ்எக்ஸ் யார்டை மூடி சுமார் 300 வேலைகளை எடுத்துவிட்டது, கரிப் போக்குவரத்து குறைந்ததுதான் காரணம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் மலை இடுக்கில் பாதையையே பிய்த்துக்கொண்டு போனது. ஆனாலும் ஊர் இருக்கிறது.

நேரில் பார்க்க முடியுமா? (புதுச்சேரி வாசகி)

தாராளமாக. 1904-ல் கட்டிய ஸ்டேஷனைத் தேசியப் பூங்கா நிர்வாகம் 1995-ல் புதுப்பித்துப் பார்வையாளர் மையமாக்கியிருக்கிறது. காரில் போனால் ஆற்றுப் பாலம் ஒற்றைப் பாதை, பக்கத்திலேயே ரயில், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து ஏறுங்கள். ரயிலில் போகத்தான் நான் சொல்வேன். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே வாரம் 3 நாள் ஓடும் கார்டினல், பயணிகள் ரயில் நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனத்துடையது. தர்மண்டுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர் இருந்தால்தான் நிற்கும். இறங்கியபின் சாப்பாட்டுக்கடை தேடாதீர்கள், கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.