எடைக் குறைப்பு ஆபரேஷன்: 14 நாள் திரவ உணவு வேண்டாம் என்கிறார் ஏஜென்ட், நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.4. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை காலை, இரவு. காலையில் கூடவே டாபாகிளிஃப்ளோசின். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம், அதற்கு முன் 14 நாள் திரவ உணவில் இருக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் இருந்ததற்கே காலை 11 மணிக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட், "சென்னையில் அதெல்லாம் கேட்க மாட்டாங்க. வியாழக்கிழமை அட்மிஷன், சனிக்கிழமை வீட்டுக்கு. இன்சூரன்ஸையும் நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிறார். போகலாமா? வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சியும் சூப்பும் கொடுத்து நான் தேற்றிவிடுகிறேன் என்கிறார் மாமியார். அது போதுமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் கை நடுங்கியதற்குக் காரணம் திரவ உணவு இல்லை. சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு, மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கியதுதான் காரணம். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே சோறு இல்லை, இன்சுலின் மட்டும் இருக்கிறது. சர்க்கரை தடாலென்று இறங்கிவிட்டது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது டயட் சீட்டைக் கையில் கொடுத்த இடம். ஆபரேஷன் செய்பவர் ஒருவர், சர்க்கரைக்குப் பார்ப்பவர் இன்னொருவர், டயட் சொல்பவர் மூன்றாமவர். மூவரும் பேசிக்கொள்வதில்லை, நடுவில் நோயாளி நடுங்குகிறார்.

அந்த 14 நாள் எதற்கு? கல்லீரலின் இடது பாகம் இரைப்பையின் மேல் மூடி மாதிரி கவிழ்ந்திருக்கும். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப் ஆபரேஷனில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையைத் தொட முடியும். உங்கள் எடையில், ஒன்பது வருடச் சர்க்கரையில், கல்லீரலில் அநேகமாகக் கொழுப்பு படிந்து கனத்திருக்கும். தூக்கினால் கிழியும், ரத்தம் கசியும். அதைவிட முக்கியம், இரைப்பையின் மேல் முனை கண்ணுக்குத் தெரியாது. ஸ்லீவ் ஆபரேஷனில் தையல் கசிவு பெரும்பாலும் வருவது அந்த மேல் முனையில்தான். மாவுச்சத்தை இரண்டு வாரம் நிறுத்தினால், கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் அதோடு ஒட்டிய நீரும் வடிந்து அது கண்கூடாகச் சுருங்கும். "அதெல்லாம் கேட்க மாட்டாங்க" என்று சொல்கிறவர் உங்கள் வசதிக்காகச் சொல்லவில்லை. 14 நாள் கொடுத்தால் நீங்கள் யோசிப்பீர்கள், இன்னொரு டாக்டரைக் கேட்பீர்கள், அவருடைய கமிஷன் போய்விடும்.

எனவே திரவ உணவை விடாதீர்கள். மாத்திரையைத் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். கிளிமிபிரைடைத் திரவ உணவு தொடங்கும் நாளிலேயே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அளவை உங்கள் சர்க்கரை டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். தினமும் நான்கு முறை குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டயட் கெட்டுவிடுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

இப்போது டாபாகிளிஃப்ளோசின். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எல்லோரும் சொல்வோம். இந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னார்களா என்று நீங்களாகப் போய்க் கேட்டே ஆக வேண்டும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு இது நின்றிருக்க வேண்டும். திரவ உணவு தொடங்கும்போதே நிறுத்திவிடுவது இன்னும் பாதுகாப்பு. இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை. பட்டினியோடு சேரும்போது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். வழக்கமாக அமிலம் ஏறும்போது சர்க்கரை 300, 400 என்று காட்டும், எல்லோரும் உஷாராவார்கள். இதில் மீட்டர் 150, 180 என்று சாதுவாகக் காட்டும். குமட்டல், வாந்தி, வேகமான மூச்சு எல்லாவற்றையும் "ஆபரேஷன் பண்ணின வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவார்கள். 2020-ல் காப்புரிமை முடிந்ததிலிருந்து இந்த மருந்து பல கம்பெனிப் பெயர்களில், மலிவாக, மற்ற மாத்திரைகளோடு கலந்தும் வருகிறது. அதனால் அட்டையின் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கச் சிறிய எழுத்தில் "ஃப்ளோசின்" என்று முடியும் பெயர் எதுவாக இருந்தாலும் இந்த விதி அதற்கும்தான். கலப்பு மாத்திரையை நிறுத்தினால் கூட இருக்கும் மருந்தும் நின்றுபோகும் என்பதால், மாற்று என்ன என்றும் கேளுங்கள்.

திரவ உணவு என்றால் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி. அதில் புரதம் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. டோன்டு பால் 200 மி.லி. மூன்று வேளை: சுமார் 18 கிராம். வே (பாலிலிருந்து எடுக்கும்) புரதப் பொடி இரண்டு கரண்டி: ஏறக்குறைய 48 கிராம். மீதிக்கு மோர், வடிகட்டிய காய்கறி சூப், ரசம். தண்ணீர் 2 லிட்டர். பொடி வாங்கும்போது 100 கிராமில் புரதம் 70 கிராமுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சத்து பானம் என்று டப்பாவில் விற்பவை பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். சர்க்கரை ஒன்பது வருடமாக இருப்பதால், பொடியைத் தொடும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், ஜூஸ், கரும்புச்சாறு எதுவும் திரவ உணவு ஆகாது; அவை திரவமாக இருக்கும் மாவுச்சத்து. மருத்துவமனை கொடுக்கும் ஜெராக்ஸ் தாளில் புரோக்கோலி சூப்பும் கிரேக்கத் தயிரும் எழுதியிருப்பார்கள். நெல்லிக்குப்பத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? முருங்கைக்கீரை சூப் போதும்.

இன்சூரன்ஸ். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 39.3. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிப்படி, டாக்டர் பரிந்துரையோடு பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, மற்ற முயற்சிகள் பலிக்காமல், கட்டுக்கு வராத டைப் 2 சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் 9.4 இந்த இரண்டாவது வழிக்குப் பொருந்தும். ஆனால் ஏஜென்ட்கள் செய்வது வேறு: 40-ஐத் தொட உயரத்தை இரண்டு செ.மீ. குறைத்து எழுதுவது, "ரெண்டு கிலோ ஏத்திட்டு வாங்க" என்பது, குடலிறக்க ஆபரேஷன் என்று பில் போடுவது. மாட்டினால் கிளெய்ம் போகும், பாலிசியும் போகும். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. முன்அனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வராமல் அட்மிஷன் ஆகாதீர்கள். பழைய சர்க்கரை ரிப்போர்ட்கள், முன்பு எடை குறைக்க எடுத்த சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆபரேஷனுக்கு லட்சங்களை அனுமதிக்கும் கம்பெனி, அதன் பிறகு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய வைட்டமினுக்குக் காசு தராது என்பதையும் கணக்கில் வையுங்கள். பணம்தான் பிரச்சினை என்றால் ஜிப்மரிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள், காத்திருக்கத்தான் வேண்டும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு ஆபரேஷனின்போது உடல்நிலை மோசமாகி, பிறகு இறந்தார். அரசு அந்த இடத்தின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதனால் பேக்கேஜ் விலையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: அதே கட்டடத்தில் வென்டிலேட்டரோடு ஐசியு இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து டாக்டர் தங்குகிறாரா, என்டாஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) முன்கூட்டியே எடுப்பார்களா. நெஞ்செரிச்சல் அதிகம் இருந்தால் ஸ்லீவ் அதை இன்னும் கூட்டிவிடும். என்டாஸ்கோப்பி இல்லாமல் எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்வது குருட்டு வேலை.

சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம், ஆனால் எங்கே இருக்கும் வீட்டுக்கு? கசிவு முதல் இரண்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். சென்னையில் செய்துகொண்டால் பத்து நாளாவது அங்கேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். இல்லையென்றால் புதுச்சேரியே உத்தமம். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சலோடு வயிற்றுவலியோ மூச்சிரைப்போ வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், காலை வரை காத்திருக்காதீர்கள்.

மாமியாரின் கஞ்சிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் கூழாக மசித்தது, ஆறாவது வாரம் வரை மென்மையானது, பிறகுதான் வழக்கமான சாப்பாடு. முதல் நாட்களில் 30 மி.லி. கிண்ணத்தில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிண்ணம். அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்கும் பழக்கம் இனி இல்லை. வயிற்றில் இடம் கொஞ்சம்தான். அதைக் கஞ்சி அடைத்தால் புரதத்துக்கு இடம் இருக்காது. பருப்புத் தண்ணீரில் புரதம் கிட்டத்தட்ட இல்லை; பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது ஜெலட்டின், அது முழுமையான புரதம் அல்ல. மூன்றாவது வாரத்தில் முட்டை வெள்ளை, தயிர், வேகவைத்து மசித்த பருப்பு. நான்காவது வாரத்தில் கடலூர் மீனையே முள் எடுத்து, காரமில்லாமல் ஆவியில் வைத்து மசித்துத் தரச் சொல்லுங்கள். மாமியாருக்கு அது கஞ்சியைவிடச் சுலபம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரை சிட்ரேட் வகையாக இருக்கட்டும்; இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்று, ஆறு மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிற தப்பு. நாலு நாள் வாந்தி, சோர்வு என்றதும் பக்கத்து கிளினிக்குக்குப் போய் "ஒரு குளுக்கோஸ் பாட்டில்" ஏற்றிக்கொள்வது. உடம்பில் தையமின் என்ற பி1 வைட்டமின் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். பட்டினியிலும் வாந்தியிலும் அது வற்றியிருக்கும்போது குளுக்கோஸை ஏற்றினால், மீதியும் ஒரேயடியாகச் செலவாகி மூளை அடிவாங்கும்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். சரியான நேரத்தில் ஒரு தையமின் ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடியது. வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும் அதே கிளினிக்கில் கேட்காமலே கிடைக்கும். அது புது இரைப்பையில் புண் உண்டாக்கும்.

ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள், மாமியாரிடமும் ஒன்று கொடுங்கள்: "இரைப்பை ஆபரேஷன் ஆனவர். தையமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம். வலிக்கு பாரசிட்டமால் மட்டும்." கீழே ஆபரேஷன் தேதி, வகை, டாக்டரின் போன் நம்பர். அந்த நம்பரை ஏஜென்டிடம் வாங்காமல் டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.