வாசகர் கேள்வி பதில்: ஓவியர் கதையைப் படித்தாரா?

கேள்வி: பத்து வயதாகும் என் மகள் படங்கள் நிறைந்த சாகச நாவல்களைத்தான் விரும்பி எடுக்கிறாள். கப்பலையும் கடற்கொள்ளையரையும் ஓவியரே வரைந்து காட்டிவிட்டால், குழந்தை தானாகக் கற்பனை செய்யும் பழக்கம் கெட்டுவிடாதா?

பதில்: இந்தக் கவலை பல பெற்றோருக்கு உண்டு. ஆனால் இவ்வகை நூல்களில் படத்துக்கும் கதைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ ஒரு வரைபடத்திலிருந்தே பிறந்தது. 1881ஆம் ஆண்டு, மழை விடாமல் பெய்த ஒரு கோடைக்காலத்தில், தம் மனைவியின் மகனோடு வண்ணம் தீட்டிப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்த அவர், எங்கும் இல்லாத ஒரு தீவுக்கு வரைபடம் வரைந்தார். அதைப் பார்க்கப் பார்க்கக் கதைமாந்தர்கள் அதன் காடுகளுக்கிடையே தென்படத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் எழுதினார். 1883இல் கதை நூலாவதற்கு முன் பதிப்பகத்துக்கு அனுப்பிய மூல வரைபடம் தொலைந்துபோயிற்று. கதை முழுவதையும் மீண்டும் ஆராய்ந்து, அதிலுள்ள குறிப்புகள் அனைத்துக்கும் பொருந்துமாறு புதிதாக ஒன்றை வரைய வேண்டியதாயிற்று. முதலில் படத்துக்காகக் கதை, பிறகு கதைக்காகப் படம்.

எனவே ஒரு படநூலைக் கையில் எடுத்தால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ஓவியர் கதையைப் படித்துவிட்டு வரைந்தாரா? இதே நாவலின் கடற்கொள்ளையன் ஜான் சில்வருக்கு இடக்கால் இடுப்பை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கிறது. அவன் ஊன்றுகோலின் துணையோடுதான் நடமாடுகிறான். கதையில் இல்லாத மரக்கால் ஒன்றைப் பல ஓவியர்கள் அவனுக்குப் பொருத்திவிடுகிறார்கள். சிறு பிழைதானே என்று விட்டுவிட முடியாது. தன் சொல்லுக்கு இணங்காமல் விலகி நடக்கும் மாலுமி ஒருவனை, அந்த ஊன்றுகோலையே எறிந்து வீழ்த்திவிட்டு, ஒற்றைக்காலோடு அவன்மேல் பாயும் காட்சியின் பயங்கரம், மரக்கால் வரைந்த நூலில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஜூல்ஸ் வெர்னின் ‘எண்பது நாட்களில் உலகப் பயணம்’ நாவலுக்கும் இந்தக் கதிதான். அட்டையில் பெரிய பலூன் பறக்கும். நாவலிலோ பலூன் பயணமே கிடையாது. 1956இல் வந்த திரைப்படத்திலிருந்து பறந்துவந்து அட்டையில் ஒட்டிக்கொண்ட பலூன் அது.

நல்ல ஓவியர் கற்பனைக்கு இடம் விட்டு வரைவார். 1911இல் ‘புதையல் தீவு’க்கு ஓவியம் தீட்டிய என். சி. வைத், பார்வையற்ற பியூ என்னும் கொள்ளையனைக் கூட்டாளிகள் கைவிட்டு ஓடிய பிறகு, நிலவொளி விழும் சாலையில் கைத்தடியோடு தனியே தடுமாறுபவனாக வரைந்தார். சற்று நேரத்தில் குதிரைகளின் குளம்படியில் அவன் மிதிபட்டுச் சாகப்போகிறான். குதிரைகள் படத்தில் இல்லை. அவை வரும் ஓசையை வாசிக்கும் குழந்தைதான் கேட்டாக வேண்டும். உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். மாறாக, ஓவியர் எங்கே தவறியிருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவள் ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டியிருக்கும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் படப்பதிப்பு முழுமையானதா, சுருக்கப்பட்டதா என்பதை எப்படி அறிவது?

பதில்: ‘சுருக்கம்’, ‘மறுகூறல்’ போன்ற சொற்கள் தலைப்புப் பக்கத்திலோ பதிப்பு விவரப் பக்கத்திலோ இருக்கும், சில சமயம் கண்ணுக்குத் தெரியாத அளவில். அவை இல்லாவிட்டால் அத்தியாயங்களை எண்ணுங்கள். ‘புதையல் தீவு’ 34 அத்தியாயங்கள் கொண்டது. அதில் 16 முதல் 18 வரையிலான மூன்று அத்தியாயங்களைச் சிறுவன் ஜிம்முக்குப் பதிலாக மருத்துவர் லிவ்சி சொல்கிறார். சுருக்குபவர்கள் முதலில் கைவைப்பது இத்தகைய இடங்களில்தான். குரல் மாறினால் குழந்தை குழம்பும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குச் சுருக்கத்தைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ‘நான்’ என்று பேசும் கதையை ‘அவன்’ என்று மாற்றியிருக்கும் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய பதிப்புகளின் படங்களெல்லாம் ஏன் நெருக்கமான கறுப்புக் கோடுகளாகவே இருக்கின்றன?

பதில்: அவை மரத்தில் செதுக்கப்பட்டவை. வழவழப்பான கட்டைமேல் படத்தை வரைந்து, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடங்களைச் செதுக்குநர் குடைந்தெடுப்பார். மையை ஏற்றால் மேடு கறுப்பாகும்; பள்ளம் வெள்ளையாகவே இருக்கும். இடைப்பட்ட சாம்பல் நிறம் அம்முறையில் கிடையாது என்பதால், நிழல் வேண்டிய இடமெல்லாம் கோடுகளை நெருக்க வேண்டியிருந்தது. உலோக அச்செழுத்துகளின் உயரமே கட்டைக்கும் இருந்ததால், இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒருசேர அச்சிட முடிந்தது. இந்தக் கோடுகள் தெளிவாக விழவில்லையென்றால் உழைப்பெல்லாம் வீண். 1865இல் லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ முதன்முறை 2000 பிரதிகள் அச்சானபோது, அதற்கு 42 படங்கள் வரைந்த ஜான் டென்னியல் அச்சின் தரத்தை ஏற்கவில்லை. கரோலும் அந்தப் பதிப்பு முழுவதையும் விலக்கிக்கொண்டு, வேறோர் அச்சகத்தில் மறுபடி அச்சிடச் செய்தார்.