ஓமோன் குளிசைப் போத்தலும் தைரொயிட் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு வயது 29. திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறேன். சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ளன. தைரொயிட் சுரப்புக் குறைவுக்காக மூன்று ஆண்டுகளாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைரொக்சின் எடுக்கிறேன். ஓமோன்களைச் சமப்படுத்தும் என்று கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய குளிசைகளை இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். அதில் இனோசிட்டோல், பயோட்டின், அசுவகந்தா, கெல்ப், செலீனியம் இருப்பதாக எழுதியிருக்கிறது. கடைசிப் பரிசோதனையில், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான ரி.எஸ்.எச். 0.08 என்று மிகக் குறைவாக வந்தது. படபடப்பு இல்லை, நிறையும் குறையவில்லை. தைரொக்சினைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: மறுபரிசோதனை செய்து, உங்களைப் பார்க்கும் வைத்தியர் சொல்லும்வரை குறைக்க வேண்டாம். உடலில் தைரொயிட் ஓமோன் மிகையானால் ரி.எஸ்.எச். இறங்கும். அது உண்மையாகவே இந்த அளவுக்கு இறங்கியவர்களிலும் சிலருக்கு அறிகுறி எதுவும் தெரியாமல் இருப்பதுண்டு. ஆயினும் பயோட்டின் என்ற விற்றமினை எடுக்கும் ஒருவருக்கு இப்படியொரு முடிவு வரும்போது, சுரப்பியைச் சந்தேகிப்பதற்கு முன் பரிசோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓமோன்களை அளக்கும் கருவிகள் பலவற்றில், அளக்கவேண்டிய பொருளைப் பிடித்து நிறுத்தும் கொக்கியாகப் பயோட்டினே பயன்படுகிறது. அந்தக் கொக்கி ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தில் மாட்டிக்கொண்டால்தான் கணக்குச் சரியாக வரும். குளிசையிலிருந்து வந்த பயோட்டின் குருதியில் நிறைந்திருந்தால், மாட்டவேண்டிய இடங்களை அதுவே பிடித்துக்கொள்கிறது. அதனால் ரி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், வேறு முறையில் அளக்கப்படும் ரி4 (குருதியிலுள்ள தைரொக்சின்) உள்ளதைவிடக் கூடுதலாகவும் பதிவாகி, சுரப்பு மிகையாகிவிட்டது போன்ற தோற்றம் அறிக்கையில் மட்டும் உண்டாகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் குளிசைகளிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் இருப்பது வழமை. இந்தக் குழப்பத்தைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே வழியில் தவறலாம் என்பதால், இது தைரொயிட் நோயாளரின் கவலை மட்டுமல்ல.

ஆனால் உங்கள் போத்தலில் பயோட்டின் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். நம்மூரில் அமுக்கரா என்று அறியப்படும் அசுவகந்தா, தைரொயிட் ஓமோன்களை உண்மையாகவே உயர்த்தக்கூடியது. அதை எடுத்தவர்களுக்குச் சுரப்பு மிகையான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தைரொக்சின் எடுப்பவர், அதிலும் குழந்தைக்கு முயற்சிப்பவர், அதைத் தவிர்ப்பதே நல்லது. ‘மூலிகைதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

கெல்ப் என்பது கடற்பாசி. அதன் அயடீன் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு பெரிதும் மாறுபடும். நமக்குத் தேவை நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்ப காலத்தில் 250. 1995 முதல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்க்கப்படுகிறது. திருகோணமலையில் வாரத்தில் பல நாட்கள் கடல்மீனும் சமைக்கிறோம். இதற்கு மேலும் அயடீனைக் கொட்டினால், எதிர்ப்புச்சக்தியின் தாக்குதலால் ஏற்கனவே நலிந்திருக்கும் சுரப்பி இன்னும் மந்தமாகலாம். கழலைக் கட்டிகள் உள்ள வேறு சிலருக்கோ அது கட்டுமீறிச் சுரக்கத் தொடங்கலாம்.

இனோசிட்டோல் குறித்து எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. நீர்க்கட்டிப் பிரச்சினையில் அதன் பயனுக்கான சான்று குறைவு என்றாலும் தீங்கும் குறைவு. செலீனியத்தை அளவுக்கு மீறி எடுத்தால் முடி கொட்டும், நகம் உடையும். முடிக்காக இதைச் சாப்பிடுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இனிச் செய்யவேண்டியது. போத்தலை முழுவதுமாக நிறுத்துங்கள், தைரொக்சினைத் தொடருங்கள். மூன்று நாட்கள் கழித்து, முன்பு பரிசோதித்த அதே ஆய்வுகூடத்தில், பயோட்டின் எடுத்ததைச் சொல்லி, ரி.எஸ்.எச்., ரி4 இரண்டையும் பாருங்கள். எண் இயல்புக்குத் திரும்பியிருந்தால் முந்தியது பொய்க்கணக்கு. இன்னும் தாழ்ந்தே இருந்தால் அது பெரும்பாலும் உண்மை; அப்போது அளவை மாற்றுவதை உங்கள் வைத்தியர் முடிவு செய்வார், ஆறு வாரங்களின் பின் மீண்டும் பார்ப்பார். இடையில் படபடப்போ கை நடுக்கமோ தொடங்கினால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: காலையில் தைரொக்சினை எதனோடு விழுங்குகிறீர்கள்? பால்தேநீர்க் கோப்பை ஒரு கையிலும் குளிசை மறு கையிலுமாக விழுங்கிவிட்டு, ‘வெறும் வயிற்றில்தான் டொக்டர்’ என்று சொல்பவர்களை வாரந்தோறும் காண்கிறேன். வெறும் தண்ணீரோடு விழுங்கி, தேநீருக்கும் உணவுக்கும் குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையோடு போத்தலையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். அக்கா அடுத்த போத்தலை வாங்குவதற்கு முன், அதன் லேபிளைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.