காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு மத்தியதரைக் கடல் நாட்டு விருந்தை வீட்டிலேயே சமைக்க முடியுமா?

கேட்டவருக்கு ஊர் மன்னார்குடி. கல்யாண நாளுக்குப் பன்னிரண்டு பேரை அழைத்திருக்கிறார். கிரீஸ், லெபனான், ஸ்பெயின் என்று வீடியோவில் பார்த்ததில் எட்டுப் பண்டங்களை எழுதி வைத்திருக்கிறாராம். பொருள் கிடைக்குமா, ஒரு ஓடிஜியை, அதாவது மேஜைமேல் வைக்கிற சின்ன மின்சார அவனை, வைத்துச் சமாளிக்க முடியுமா, சாதம் இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். ஆனால் அந்த எட்டில், ஆட்கள் வந்த பிறகு அடுப்பு கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றதெல்லாம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். லெபனான், துருக்கிப் பக்கமெல்லாம் விருந்து அப்படித்தான் தொடங்கும். மெஸ்ஸே என்று சின்னச் சின்னத் தட்டுகளில் ஆறின பண்டங்களைப் பரப்பி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே தொட்டுச் சாப்பிடுவார்கள். நாம்தான் எல்லாம் சுடச்சுட வர வேண்டும் என்று நாலு பர்னரையும் ஏற்றிவிட்டு, வந்தவர்களை வாங்க என்று கேட்கக்கூட நேரமில்லாமல் வியர்த்து நிற்போம்.

பொருளைப் பற்றிக் கவலையே வேண்டாம். கத்திரிக்காய், கொண்டைக்கடலை, எள், தயிர், எலுமிச்சை, பூண்டு, மீன். அந்தக் கரைச் சமையலில் முக்கால்வாசி இதுதான், இதில் எது நம் ஊரில் இல்லை? காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல ஆலிவ் எண்ணெய் அரை லிட்டர். அதை வதக்கவோ பொரிக்கவோ வீணாக்காமல் மேலே ஊற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்ஸ்லி தேடி அலைய வேண்டாம், கொத்தமல்லியும் புதினாவும் போதும்; எகிப்திலும் மொராக்கோவிலும் கொத்தமல்லி தாராளமாகவே போடுகிறார்கள். புளிப்புக்குத் தூவுகிற சுமாக் மாதிரிப் பொடிகள் வேண்டுமென்றால் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது தெரிந்திருப்பார்கள், சொல்லி வையுங்கள். மொராக்கோக்காரர்கள் எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டு எல்லாவற்றிலும் சேர்ப்பார்கள். நம் வீட்டு உப்பு நார்த்தங்காய் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும் என்பது என் கட்சி. ஊறவைத்து உப்பைக் கழுவி, தோலை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கிக் கெட்டித் தயிரில் கலந்து பாருங்கள்.

கடலையும் எள்ளும் அரைத்துச் செய்கிற ஹம்முஸுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை கால் கிலோ. ராத்திரி ஊறப்போடும்போதும் வேகவைக்கும்போதும் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் தோல் கரைந்துவிடும். குக்கரில், விரலால் நசுக்கினால் மாவாகிற வரை வேக வேண்டும். நாம் சுண்டலுக்கு வேகவைக்கிற பதத்தில் நிறுத்திவிடுவதால்தான் பல வீடுகளில் ஹம்முஸ் சட்னி மாதிரி நறநறவென்று இருக்கிறது. வெள்ளை எள் நூற்றைம்பது கிராம், நிறம் மாறாமல் லேசாகச் சூடு காட்டி, எண்ணெய் விடும் வரை மிக்ஸியில் அரையுங்கள். அதில் எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஐஸ் தண்ணீர் சேர்த்து அடித்தால் முதலில் இறுகிப் பயமுறுத்தும், அப்புறம் வெளுத்து நுரைத்து வரும். அதன் பிறகுதான் கடலை. மேலே ஊற்ற ஆலிவ் எண்ணெய் இல்லையென்றால் செக்கு நல்லெண்ணெயே ஊற்றலாம், உள்ளே இருப்பதும் எள்தானே. மற்ற எதற்கும் நல்லெண்ணெய் வேண்டாம், அதில் சேர்க்கிற கருப்பட்டியின் வாசனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

சுட்ட கத்திரிக்காய் மசியலான பாபா கனூஷ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சுட்டதை உரித்து அரை மணி நேரம் வடிதட்டில் போட்டு நீரை வடியவிடுங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் நாள் ராத்திரி உப்புப் போட்ட தயிரை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் லப்னே தயார். புளிக்காத எருமைத் தயிர் என்றால் விசேஷம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆறின பண்டம் என்றால் நம் ஊர் வெயிலில் மதியம் முழுக்க மேஜையில் கிடக்கலாம் என்று அர்த்தமில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாற அரை மணி நேரம் முன்னால் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயில் நாளென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே வேண்டாம்.

சைவக்காரர்களுக்கும் ஒரு நல்ல அயிட்டம் இருக்க வேண்டும், அவர்களை வெறும் சாலட்டில் விட்டுவிடக் கூடாது. துருக்கியின் இமாம் பாயில்டி செய்யுங்கள். கத்திரிக்காயைக் கீறி, வதக்கி, நிறைய வெங்காயம், தக்காளி, பூண்டு அடைத்து மூடிபோட்டுச் சின்னத் தீயில் வேகவைப்பது. எண்ணெய்க் கத்திரிக்காய் சாப்பிட்ட நாக்குக்கு அந்நியமாக இருக்காது, ஆறினால்தான் ருசியும். திராட்சை இலையில் அரிசி சுற்றுகிற டோல்மாவுக்கு முட்டைக்கோஸ் இலை எடுத்துக்கொள்ளுங்கள், துருக்கியிலேயே அப்படியும் செய்வார்கள். கும்பகோணம் வெற்றிலையில் சுற்றினால் என்ன என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

சரி, அந்த ஒரு பெரிய பண்டம் எது? உங்கள் பட்டியலில் பாயேயா இருக்கிறது. ஸ்பெயினில் நெல் விளைகிற வாலென்சியாவின் அரிசிச் சாப்பாடு என்பதால் நமக்குப் பொருத்தம் போலத்தான் தெரியும். ஆனால் அது அகலச் சட்டியில் விரல் கனத்துக்கு மட்டும் அரிசி பரப்பி, கிளறாமல், அடியில் காந்தல் பிடிக்கச் செய்வது. வீட்டு கேஸ் அடுப்பில் நடு மட்டும் கருகும். அதோடு, பிரியாணி ஊரில் அதை வைத்தால் தம் போடலையா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். என் ஓட்டு உப்புக்குள் சுட்ட மீனுக்குத்தான். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கடலோரத்தில் செய்வது. மசாலா கிடையாது, பார்க்கப் பிரமாதமாக இருக்கும், கைவேலை மிகக் குறைவு.

மீன் கொடுவா. வாங்கப் போகும் முன் ஓடிஜி தட்டின் மூலைவிட்டத்தை ஒரு நூலால் அளந்து எடுத்துப்போங்கள். ஒன்றரைக் கிலோ மீன் வீடியோவில் அழகாக இருக்கும், உங்கள் தட்டில் அடங்காது. அறுநூறு, எழுநூறு கிராமில் இரண்டு போதும், வால் நீண்டால் நறுக்கிவிடலாம். சந்தையில் வாயைத் திறந்து முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லையென்றால் கண்ணிமைப்பதற்குள் செதில் சீவித் துண்டு போட்டுவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் நான் வழக்கமாக வாங்குகிற அக்காவிடம், "செதில் எடுக்காதீங்கக்கா, குடலை மட்டும் சின்னதா கீறி எடுத்துடுங்க" என்றேன். "செதிலோடயா? அப்புறம் எப்படி தின்பீங்க?" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். செதில்தான் உப்புக்கும் சதைக்கும் நடுவில் நிற்கிற தடுப்பு. அதைச் சீவினால் மீன் கருவாடாகிவிடும். வயிற்றுக் கீறல் சின்னதாக இருக்க வேண்டியதும் அதற்காகத்தான்.

இரண்டு மீனுக்கும் சேர்த்து மூன்று கிலோ வேதாரண்யம் கல்லுப்பு. தூள் உப்பு வேண்டாம். நாலு முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசறி, கையில் பிடித்தால் ஈர மணல் மாதிரி நிற்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டில் விரல் கனத்துக்கு உப்பு, அதன்மேல் நன்றாகத் துடைத்த மீனைத் தலைமாறி வைத்து, வயிற்றில் எலுமிச்சை வில்லை, பூண்டு, கொத்தமல்லித் தண்டு. மிச்ச உப்பால் அழுத்தி மூடுங்கள். இதுவரை மாலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், மீன் உப்பு இழுக்கும். விருந்தினர் மெஸ்ஸேவில் கைவைக்கிற நேரத்தில் மூடி, முன்பே 220 டிகிரிக்குச் சூடேறிய ஓடிஜியில் தள்ளுங்கள். இருபத்தைந்து நிமிஷம். வெந்ததா என்று பார்க்க, மெல்லிய கம்பியை உப்பைத் துளைத்து மீனின் கனத்த இடத்தில் இறக்கி, எடுத்து உதட்டுக்குக் கீழே வையுங்கள். சுரீரென்றால் ஆயிற்று. வெதுவெதுப்பு என்றால் இன்னும் ஐந்து நிமிஷம். வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் விட்டு, எல்லோர் முன்னாலும் குழவியால் தட்டி உடையுங்கள். ஓடு பெயரும்போது தோல் செதிலோடு சேர்ந்து வந்துவிடும். உள்ளே சதை நீர் கோத்து, அளவான உப்போடு இருக்கும். உடைத்த உப்புத் துகள் சதையில் விழாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் ஊற்றிப் பரிமாறுங்கள்.

சாதம் கட்டாயம் வையுங்கள். பெரியவர்களிடம் இதிலெல்லாம் பிடிவாதம் பிடித்து ஜெயிக்க முடியாது, அவசியமும் இல்லை. லெபனானில் சேமியாவை வெண்ணெயில் சிவக்க வறுத்து அரிசியோடு சேர்த்து வடிக்காமல் வேகவைப்பார்கள். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் சேமியா, வெண்ணெய்க்குப் பதில் நெய். மாமியாரே இன்னொரு கரண்டி போடச் சொல்வார்.

இனிப்புக்கு பக்லாவா வேண்டாம், அந்த மெல்லிய மாவுத் தாள் நம் ஊர்க் கடைகளில் தேடினாலும் சுலபத்தில் அகப்படாது. எகிப்தின் பஸ்பூஸா என்பது ரவை கேக், தேங்காய்த் துருவலும் சேரும். ஓடிஜி மீனுக்கு வேண்டுமென்பதால் காலையிலேயே அதில் சுட்டு முடித்துவிடுங்கள். கேக் சூடாகவும் பாகு ஆறியும் இருக்கும்போது ஊற்றினால்தான் உள்ளே இறங்கும்.

விருந்துத் தேதியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். கொடுவா உப்பங்கழியிலும் வளர்ப்புக் குட்டைகளிலும் கிடைப்பதால் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் தடைக்காலத்திலும் வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் முழுக் கோழியை முதல் நாளே தயிர், பூண்டு, எலுமிச்சையில் ஊறப்போட்டு அதே ஓடிஜியில் சுடுங்கள், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.