சமூக அறிவியல் ஆய்வுக்கு நூல்களையும் கட்டுரைகளையும் எப்படித் தேடுவது?
ஆய்வு மூலம் என்றால், நீங்கள் எழுதுவதற்குச் சான்றாக நிற்கும் நூலோ கட்டுரையோ கணக்கெடுப்போதான். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி பகுப்பு முறையில் அடுக்கிய நூலகம் என்றால் நேராகச் சமூக அறிவியலுக்கான 300 வரிசைக்குப் போங்கள். 330 பொருளாதாரம், 370 கல்வி. தேடிப்போன நூலைவிடப் பக்கத்து நூல் கைகொடுப்பதும் உண்டு.

அப்புறம், ஒரு நல்ல கட்டுரை சிக்கினால் முதலில் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். யாரிடமிருந்து எதை எடுத்தோம் என்று ஆய்வாளர்கள் சொல்லியாக வேண்டும் என்பதால், பழைய ஆய்வுகளெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் கையிலுள்ள கட்டுரையையே மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் காட்டிவிடும். ஒரு உறவினரைப் பிடித்தால் தாத்தா முதல் பேரன் வரை தெரிந்துவிடுவதுபோலத்தான்.

பணம் கேட்கும் கட்டுரையைப் படிக்கவே முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் இலவசப் பிரதி பல நேரம் ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும்.